மயங்கியவருக்கு இனிப்பு மாத்திரை போட்ட காபி கொடுக்காதீர்கள்

ஆடிக் கிருத்திகை அன்று மதியம் ரத்தினகிரியிலிருந்து நேராக ஓர் அம்மாவை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். அறுபதைத் தாண்டியவர். புடவை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. பெயரைக் கேட்டால் பதில் வரவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் மீட்டரில் சர்க்கரை 42தான் இருந்தது. காலையில் வழக்கம்போல, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாமி பார்த்த பிறகு சாப்பிடலாம் என்று விரதம் இருந்திருக்கிறார். படியேறி, வரிசையில் நின்று, பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் சில நிமிஷத்தில் தெளிந்து, "எங்க கீறேன்?" என்று கேட்டார். அதன் பிறகுதான் கூட வந்த மருமகளிடம் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தல சுத்துதுன்னு சொன்ன உடனே காபி வாங்கிக் கொடுத்தேன் டாக்டர். அத்தைக்கு சுகர் இருக்கே, சர்க்கரை போடலாமா? அதான் போடாம வாங்கி, பையில இருந்த இனிப்பு மாத்திரை மூணு போட்டேன். கேக்கலன்னு இன்னொரு காபியும் அதே மாதிரி போட்டுக் கொடுத்தேன்."

கோயிலுக்குப் போகும்போதும் அந்தச் சின்ன டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போன பெண் அவர். மாமியார் மேல் அவ்வளவு அக்கறை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இந்த வருஷத்தில் இதே கதையோடு என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. நோய்க்கும் "சுகர்" என்கிறோம். ரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணுக்கும் "சுகர்" என்கிறோம். டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொருளுக்கும் அதே பெயர்தான். தமிழில் சொன்னாலும் சர்க்கரை நோய், ரத்தத்தில் சர்க்கரை, காபிக்குச் சர்க்கரை. இந்த நிலையில் "சுகர் ஃப்ரீ" என்று ஒரு டப்பாவில் எழுதியிருந்தால் சாதாரண மனிதர் எப்படிப் படிப்பார்? சுகர் நோய்க்கான மாத்திரை, சுகரைக் குறைக்கும் மாத்திரை என்று படிக்கிறார். அது மெடிக்கல் ஷாப்பில் விற்கிறது, மாத்திரை உருவத்தில் இருக்கிறது. குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் தன் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் தீர்ந்துபோன பத்து நாளும் "அந்த இன்னொரு சுகர் மாத்திரையை" ஒன்றுக்கு நான்காகப் போட்டுச் சமாளித்ததாகச் சொன்னார். விசாரித்தால் அது காபியில் போடும் இனிப்பு மாத்திரை.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனிப்பு மாத்திரை மருந்து கிடையாது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரையை அது ஒரு புள்ளிகூட இறக்காது. இறங்கிப்போன சர்க்கரையை ஏற்றவும் செய்யாது. நாக்குக்கு இனிப்பாகத் தெரியும், அதோடு அதன் வேலை முடிந்தது. இந்த மாத்திரைகளில் இருக்கும் இனிப்பூட்டிகளில் அஸ்பார்டேம் சர்க்கரையைவிட ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பு, சுக்ரலோஸ் 600 மடங்கு. அதனால்தான் கடுகளவு போட்டாலே காபி இனிக்கிறது. அந்தக் கடுகளவில் உடம்புக்குக் கிடைக்கும் குளுக்கோஸ் ஏதும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கி வரும் தாழ்சர்க்கரை மயக்கத்தில் மூளை குளுக்கோஸ் கிடைக்காமல் தவிக்கிறது. 70க்குக் கீழே இறங்கினாலே உடனே கவனிக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழறல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளம். அந்த நேரத்தில் சுகர்காரர் என்று பார்க்காதீர்கள். நிஜமான சர்க்கரையைக் கொடுங்கள். குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வையுங்கள். கால் மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வைத்துவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் இருக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் நீளும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனவர் சாயங்காலம் மறுபடி மயங்கலாம்.

சாதாரணச் சர்க்கரை கொடுத்தால் ஆகாதா? பெரும்பாலானவர்களுக்கு ஆகும். ஆனால் உங்கள் மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் என்று இருக்கிறதா பாருங்கள். நம் ஊர்ச் சீட்டுகளில் மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக இது நிறைய வருகிறது. நாம் போடும் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸாவதைத்தான் இந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அதனால் இவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் மெதுவாகத்தான் கேட்கும், குளுக்கோஸ் பொடிதான் சரி. மருந்து எழுதும் நாங்கள் இதை நோயாளியிடம் சொல்லாமல் விடுவது தப்பு, என் தொழிலில் இருப்பவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

சரி, அவசரம் இல்லாத சாதாரண நாளுக்கு வருவோம்.

என்னை அதிகம் வருத்தப்பட வைப்பது "சுகர் ஃப்ரீ" பலகாரமும் பிஸ்கட்டும்தான். காபியில் இரண்டு மாத்திரை போடுவதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் போன மாசம் ஒருவர், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 9.8 என்று அதிகமாக வந்த ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சர்க்கரையைத் தொடுறதே இல்ல சார், எல்லாமே சுகர் ஃப்ரீதான்" என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் டீயோடு ஆறு சுகர் ஃப்ரீ பிஸ்கட், சாயங்காலம் இன்னொரு ஆறு. ராத்திரி ஒரு சுகர் ஃப்ரீ லட்டு. பாக்கெட் அவர் பையிலேயே இருந்தது, வாங்கித் திருப்பிக் காட்டினேன். முதல் பொருள் மைதா. 100 கிராம் பிஸ்கட்டில் கார்போஹைட்ரேட் அறுபது எழுபது கிராமுக்குக் குறையாமல் இருக்கும். மைதா வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? குளுக்கோஸ்தான் ஆகும். சர்க்கரை போடாத மைதாவும் மைதாதான். சுகர் ஃப்ரீ லட்டிலும் கடலை மாவும் நெய்யும் குறையவில்லை. தின்பவர் மனசில் இருந்த பயம் மட்டும்தான் குறைந்தது. முன்பு ஒரு பிஸ்கட்டோடு நிறுத்தியவர் இப்போது ஆறு தின்கிறார்.

பாக்கெட்டில் "சுகர் ஃப்ரீ" என்றால் சர்க்கரை ஏறக்குறைய இல்லை என்று மட்டும் அர்த்தம். அதில் மாவு இல்லை என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நிச்சயமாக அர்த்தம் இல்லை. நீங்கள் சாப்பிடும் சோறும் அப்படித்தான். 100 கிராம் வடித்த சோற்றில் 28 கிராம் போல கார்போஹைட்ரேட் இருக்கிறது. மதியம் தட்டு நிறையச் சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாலைக் காபியில் மட்டும் மாத்திரை போடுவதால் ரிப்போர்ட் மாறாது.

இந்த லட்டு, பர்ஃபி வகைகளில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகளைச் சேர்ப்பார்கள். கொஞ்சம் அதிகமானால் வயிறு உப்பும், பேதியாகும். ஆம்பூரிலிருந்து வந்த ஒருவர் மெட்ஃபார்மின்தான் வயிற்றைக் கெடுக்கிறது என்று தானாக நிறுத்திவிட்டார். தீபாவளிக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த சுகர் ஃப்ரீ பெட்டி தீர்ந்ததும் வயிறும் சரியாகிவிட்டது. மருந்து இல்லாத அந்த மூன்று வாரத்தில் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது.

அடுத்தது வெல்லம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் ஊர்க்காரர்கள் நாம். வெல்லத்தின் மேல் நமக்கு இருக்கும் பிரியம் எனக்கும் உண்டு. பொங்கல் சமயத்தில் கொப்பரை கொதிக்கும் வாசனைக்கு ஈடு கிடையாது. ஆனால் "இன்னா டாக்டர், வெல்லம்கூட ஆவாதா? அது இயற்கைதானே?" என்று கேட்காத நாள் இல்லை. அதே கரும்புச் சாறுதான் வெல்லமும் ஆகிறது, சர்க்கரையும் ஆகிறது. வெல்லத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். இரும்புச் சத்து இருக்கிறது என்பார்கள். காபிக்குப் போடும் ஒரு ஸ்பூனில் கிடைக்கும் இரும்புக்காக மீதிச் சர்க்கரையை உடம்பு சுமக்க வேண்டுமா? அதற்கு முருங்கைக்கீரை இருக்கிறது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சர்க்கரை வியாதி உள்ளவர் "மாற்றிவிட்டேன்" என்று திருப்திப்பட்டுக்கொண்டு இரண்டு ஸ்பூன் போடுவதுதான் இதில் ஆபத்து.

இன்னொரு பக்கம் பயந்துபோய் வருபவர்கள். இனிப்பு மாத்திரை புற்றுநோய் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, நிறுத்திவிட்டு மறுபடி இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கே போய்விட்டேன் என்கிறார்கள். 2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அஸ்பார்டேமை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பட்டியலில் வைத்தது உண்மை. சான்று குறைவாக இருக்கும் பொருட்களுக்கான பட்டியல் அது. அதே நேரத்தில், அளவைத் தீர்மானிக்கும் நிபுணர் குழு பழைய அளவை மாற்றவில்லை. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் வரை ஆகலாம் என்றே சொன்னது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். ஒரு இனிப்பு மாத்திரையில் பொதுவாக 20 மில்லிகிராம் போலத்தான் இருக்கும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். நாளுக்கு நான்கு மாத்திரை போடும் சர்க்கரை நோயாளி இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உடம்பு இளைக்க வேண்டும் என்று டயட் கோலாவைத் தண்ணீர் மாதிரி குடிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே அமைப்பு 2023 மே மாதத்தில் வழிகாட்டியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. நோய் இல்லாத இளைஞருக்கு இது தேவையே இல்லை என்பதுதான் என் கருத்தும். நாக்கு அதே கடும் இனிப்பில் பழகிக் கிடக்கும் வரை அடுத்த வேளை வேறொன்றைக் கேட்கும்.

அப்படியானால் எதை எடுத்துக்கொள்வது? நோய் இல்லாதவருக்குச் சர்க்கரையே போதும், குறைவாக. காபி, டீ, ஜூஸ், பலகாரம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்தாறு டீஸ்பூனுக்குள் நின்றால் நல்லது. 300 மில்லி கூல்டிரிங்க்ஸ் ஒன்றிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர், நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் என்று பழகியவர், முதலில் இனிப்பு மாத்திரைக்கு மாறட்டும். அந்த எட்டு ஸ்பூன் நிற்பது நிச்சயம் லாபம். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதையும் பாதி குறையுங்கள். இரண்டு மாசத்தில் இனிப்பில்லாத காபி கசக்காது. என் நோயாளிகளில் எத்தனையோ பேர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆற்காடு மக்கன் பேடா மேல் ஆசையா? சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வருஷத்தில் ஓரிரு நாள் அரைத் துண்டு சாப்பிடுங்கள், அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாகு இல்லாமல் சுகர் ஃப்ரீயாகக் கிடைக்குமா என்று தேடி நான்கு வாங்காதீர்கள். அதில் மைதாவும் கோவாவும் எண்ணெயும் அப்படியே இருக்கும்.

இன்னும் சில. அஸ்பார்டேம் மாத்திரையைக் கொதிக்கும் பாயசத்தில் போடாதீர்கள், சூட்டில் இனிப்பு போய்விடும், நீங்கள் மேலும் மேலும் போடுவீர்கள். குழந்தைகளுக்கு இவை வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், சாக்கரின் என்ற இனிப்பூட்டியை ஒதுக்கிவிடுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் 950, 951, 954, 955 என்ற எண்கள் இருந்தால் அது செயற்கை இனிப்பூட்டி. 965 என்றால் மால்டிட்டால். முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள், கண்ணாடி வேண்டுமென்றால் போட்டுக்கொண்டு படியுங்கள்.

விரதம் இருப்பவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கிருத்திகையோ ரம்ஜானோ, நோன்புக்கு ஒரு வாரம் முன்பே வந்து சொல்லுங்கள். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று எழுதித் தருகிறோம். சாமி கும்பிடுவதைத் தடுக்க மாட்டோம். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மட்டும் மலையேறாதீர்கள்.

ரத்தினகிரி அம்மா போன வாரம் மருமகளோடு ரிவ்யூவுக்கு வந்திருந்தார். கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னேன். இனிப்பு மாத்திரை டப்பா ஒரு பக்கம், ஜிப் வைத்த அறையில் குளுக்கோஸ் பொடி பாக்கெட் தனியாக. "மயக்கத்துக்கு" என்று அதன் மேல் பேனாவால் எழுதி வைத்திருந்தார் அந்தப் பெண். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே அப்படி ஒரு பாக்கெட்டை வாங்கி எழுதி வையுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது, நீங்கள் காபியில் போடும் டப்பாவையும் தின்னும் சுகர் ஃப்ரீ பாக்கெட்டையும் மாத்திரை அட்டைகளோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.