அக்கவுண்டபிலிட்டி: பொறுப்பா, கணக்கா?

“மாமா, அக்கவுண்டபிலிட்டிக்குத் தமிழ்ல என்ன? ஹிந்தியில ஜவாப்தேஹின்னு டக்குனு வருது.” டெல்லி முனிர்காவில் எங்கள் எதிர்வீட்டுப் பெண், தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து விவகாரத்தை எடுத்திருந்தாள். தாளில் எட்டு இடத்தில் ‘பொறுப்பு’ என்று எழுதி, எட்டையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். அவளுக்கே ஏதோ உதைத்திருக்கிறது.

உதைத்தது சரிதான். பொறுப்பு, ‘பொறு’ என்ற வினையிலிருந்து வந்தது, சுமையைத் தாங்குவது. வீட்டுப் பொறுப்பு, தலைமைப் பொறுப்பு எல்லாம் தோளில் ஏறுபவை. அக்கவுண்டபிலிட்டியின் வேர் வேறு. எண்ணிக் கணக்கிடுவதைக் குறிக்கும் லத்தீன் ‘கம்ப்யூட்டாரே’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘அக்கவுண்ட்’ ஆனது. (கம்ப்யூட்டரும் இதற்குப் பங்காளிதான்.) நம் வீட்டில் இது ரொம்பப் பழகிய விஷயம். கடைக்குப் போய்வந்த பையனிடம் “ஐந்நூறு கொடுத்தேன், பால், கொத்தமல்லி போக மீதி எங்கே?” என்று அம்மா கை நீட்டுகிறாளே, அதுதான். சுமையைத் தனியாகவே சுமக்கலாம். கணக்குச் சொல்ல, எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

ஜவாப்தேஹியும் அப்படித்தான். ஜவாப் அரபு, ‘தேஹி’ பாரசீகம், பதில் தருவது. அந்த ஜவாப் தமிழிலும் உண்டு. “அதற்கு நான் ஜவாப்தாரியல்ல” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். இப்போது போர்டுகளில் “நிர்வாகம் பொறுப்பல்ல” என்றிருக்கிறது.

சரி, பென் ஸ்டேட். ஓய்வுபெற்ற உதவிப் பயிற்சியாளர் ஜெரி சாண்டஸ்கி ஒரு சிறுவனிடம் தகாதபடி நடந்ததைப் பார்த்தவர், 2001-இல் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவிடம் வந்து சொன்னார். பட்டர்னோ மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் போலீஸுக்குப் போகவில்லை. சுமை கைமாறிக்கொண்டே போனது, அவ்வளவுதான். பத்து ஆண்டு கழித்து, 2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானபோதுதான் கணக்குக் கேட்டார்கள். பட்டர்னோவும் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பானியரும் ஒரே இரவில் பதவி இழந்தார்கள். அடுத்த ஆண்டு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு பல்கலைக்கழகத்துக்கு 6 கோடி டாலர் அபராதம் போட்டது. அதோடு அணி 1998 முதல் பெற்ற வெற்றிகளையும் பதிவிலிருந்து அழித்தார்கள். பட்டர்னோவின் 409 வெற்றிகள் 298 ஆயின. 2015-இல் அந்த 111-உம் திரும்பி வந்துவிட்டன. கணக்கு என்றதும் ஸ்கோர் போர்டு ஞாபகம் வந்துவிட்டது போல.

அக்கவுண்டபிலிட்டிக்கு ஈழத் தமிழ் இதழ்களில் புழங்கும் சொல் ‘பொறுப்புக்கூறல்’. போர் முடிந்த 2009-க்குப் பிறகு அங்கே அன்றாடச் செய்திச் சொல்லாகிவிட்டது. என் ஓட்டும் அதற்கே. ‘கூறல்’ என்றவுடன் ‘யாரிடம்?’ என்ற கேள்வி ஒட்டிக்கொண்டு வருகிறது. இதே பொருளில் சொல்லப்படும் ‘பொறுப்புடைமை’யில் அது இல்லை. தார்மீகப் பொறுப்பேற்பு இன்னும் வசதி; ராஜினாமாக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

அவள் மூன்று வட்டங்களை ரப்பரால் அழித்தாள். அங்கே பொறுப்புதான் பொருத்தம். மற்ற ஐந்தில் பொறுப்புக்கூறல் போட்டுச் சத்தமாகப் படித்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் நாக்கு தடுக்கியது. அப்புறம் அந்த இரண்டிலும் “பதில் சொல்லியாக வேண்டும்” என்று எழுதிக்கொண்டாள்.