தையல் போடாத இம்ப்ளான்ட்டுக்கும் பத்தியம் உண்டு

காரைக்குடியில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "ஈறைக் கிழிக்காம, தையல் போடாம பல் வைக்கலாமாமே?" என்பதுதான். பலருக்கு வைக்கலாம். சிபிசிடி என்கிற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் தாடை எலும்பின் அகலம், உயரம், நரம்பு ஓடும் இடம் எல்லாம் பார்த்து, திருகு இறங்க வேண்டிய இடத்தைக் காட்டும் ஓர் அச்சு செய்துகொள்வோம். அதை வாயில் பொருத்தி, ஈறில் சிறு வட்டமாக வழி எடுத்து செயற்கைப் பல்லுக்கு வேராக நிற்கும் டைட்டானியம் திருகை, அதாவது இம்ப்ளான்ட்டை, இறக்குகிறோம். வீக்கமும் ரத்தக் கசிவும் குறைவு. எலும்பு மெலிந்தவர்களுக்கு மட்டும் ஈறைத் திறந்து பார்த்துச் செய்வதே பாதுகாப்பு. டாக்டர் அப்படிச் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

என் கவலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆச்சி ஒருவர் திருகு வைத்த சில நாளிலேயே, "ஒண்ணுமே தெரியல தம்பி, சீடைகூடக் கடிச்சுப் பார்த்துட்டேன்" என்றார். பதறிப்போய்ச் சோதித்தேன். நல்லவேளை, திருகு அசையவில்லை.

ஈறு ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். எலும்பு அப்படியில்லை. வைத்த அன்று திருகு நிற்பது அதன் மரைகள் எலும்பைக் கவ்விய பிடியில்தான். புது எலும்பு வளர்ந்து பற்றுவதற்குள் அந்தப் பழைய பிடி கொஞ்சம் தளரும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில். வலியெல்லாம் போய், கல்யாணப் பந்தியில் தெம்பாக உட்காருகிற நேரமும் அதுவே! எலும்பு நன்றாகப் பிடிக்கக் கீழ்த்தாடையில் சுமார் 3 மாதம், மேல்தாடையில் 4 முதல் 6 மாதம் ஆகலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பக்கம் தேன்குழல், மணகோலம், எலும்புக்கறி எதுவும் வேண்டாம்.

முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். மரப்பு விட்டதும் ஆறிய ரசஞ்சாதம், மோர். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் குடியுங்கள். 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் மெதுவாகச் சுழற்றினால் போதும். சிகரெட், போயிலை கூடவே கூடாது. வெத்தலை பாக்கையும் விட்டுவிடுங்கள்.

சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரி அளவைக் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்பு வலுவிழக்கும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போட்டிருந்தால், வருடத்துக்கு ஒன்றுதான் என்றாலும், முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டு மூன்று நாள் வீக்கம் சகஜம். நாலாம் நாளுக்கு மேல் வலி ஏறினாலோ, சீழ் வந்தாலோ உடனே வாருங்கள். மறுநாள் காலையிலும் கீழுதடு மரத்தே இருந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தயங்க வேண்டாம்.