சொட்கன்: தமிழில் சன்னத் துவக்கு

சொட்கன் (shotgun) என்ற வேட்டைத் துவக்குக்கும், ரவைக்கூடு போட்ட அதன் தானியங்கி வகைக்கும் தமிழில் என்ன பெயர் சொல்லலாம்? வன்னியில் துவக்கு என்றுதான் பேச்சு. துப்பாக்கி பத்திரிகைச் சொல். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்: துருக்கியரின் 'துபெக்' பாரசீகத்துக்குப் போய், இந்தியா வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. துருக்கியில் அது முதலில் குருவி சுடும் ஊதுகுழலின் பெயர்.

வெடிமருந்தையும் ஈயக் குறுணலையும் குழாயின் வாய்ப்பக்கத்தால் போட்டு இடித்து இறுக்கினால் இடியன். பன்றித் தடத்தில் கட்டி வைத்தால் கட்டுத்துவக்கு. விறகுக்குப் போகிறவரின் காலென்றும் அது பார்க்காது. இரண்டுக்கும் எவ்வளவு பொருத்தமான பெயர்கள்! தோட்டா போட்டுச் சுடும் வேட்டைத் துவக்குக்கு மட்டும் சொட்கன் என்ற இரவல் பெயர்.

ஆங்கிலத்தில் 'சொட்' என்பது சுடுதலையும் குறிக்கும், ஈயக் குறுணலையும் குறிக்கும். இங்கே குறுணல்தான் பொருள். ஒரு தோட்டாவுக்குள் பல குறுணல். வெளியே போனதும் விரிந்து பரவும். அந்தக் குறுணலுக்கு இடியன்காரர் சொன்ன பெயர் சன்னம். சன்னம் என்றால் சிறியது, நுண்ணியது. சன்ன அரிசி என்கிறோமே, அதே சொல். ஆகவே சொட்கனைச் சன்னத் துவக்கு என்று சொல்லிவிடலாம். சிதறுதுவக்கு என்றும் ஆக்கலாம்தான், ஆனால் துவக்கே சிதறுவது போல எனக்குக் கேட்கிறது.

சொட்கன் குழாயின் அளவைச் சொல்லும் '12 போர்' (bore) என்பது ஓர் இறாத்தல் (பவுண்ட்) ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை போகும் குழாய், ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். நாம் பாண் வாங்கிய இறாத்தலேதான். 16 போர் அதைவிட ஒடுங்கியது.

சரி, தானியங்கி? இதில்தான் குழப்பம். 1900இல் ஜோன் பிரௌனிங் காப்புரிமை பெற்ற சொட்கன், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் விசையை இழுக்க வேண்டும். அது அரைத் தானியங்கி. விசையை அழுத்திப் பிடித்திருக்க வெடித்துக்கொண்டே போவதுதான் முழுத் தானியங்கி. அமெரிக்கர் மக்ஸ்வெல் அச்சிசன் 1972இல் வடிவமைத்து, பின்னாளில் ஏஏ-12 என்று பெயர் பெற்றது அப்படிப்பட்டது. நிமிடத்துக்குச் சுமார் 300 வெடி என்ற வேகம். 20 தோட்டா கொள்ளும் உருளை நான்கு விநாடியில் காலி. 12 போர் தோளை உதைக்கும் என்பது பழகியவருக்குத் தெரியும். இதில் உதை குறைவு. உள்ளிருக்கும் இரும்புக் கட்டை நெடுந்தூரம் பின்னுக்கு ஓடிச் சுருள்வில்லில் தணிவதால், ஒரே அடியாக விழ வேண்டிய உதை நீண்டு மெலிகிறது.

அந்த உருளையும், 8 தோட்டாப் பெட்டியும் ஆங்கிலத்தில் மகசின். அரபியில் 'மக்சன்' என்றால் களஞ்சியம்; அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன சொல். வன்னியில் அதற்கு ரவைக்கூடு என்பது பழகிய பெயர். சொட்கனுக்குத் தோட்டாதானே, ரவை எப்படி என்று கேட்கலாம். ரவையும் பழைய தமிழில் சிறுமணிதான், உப்புமா ரவை மாதிரி. ஈயக் குறுணலுக்கும் அதே பெயர் இருந்தது. பிறகு அது முழுத் தோட்டாவின் பெயராயிற்று. எனவே ரவைக்கூட்டுத் தானியங்கிச் சன்னத் துவக்கு என்றால் சொல்லில் பிழையில்லை. வாயில் நுழையாவிட்டால் முன் சொல்லை விட்டுவிடுங்கள்.

பத்திரிகைகள் றைபிள் குண்டையும் 'சன்னம்' என்று எழுதுவதுதான் எனக்கு ஒவ்வாதது. தனியாகப் பாய்வது குண்டு. சன்னம் கூட்டமாகத்தான் போகும்.