ஓட்டோபைலட்: தானியங்கியா, தன்னோட்டியா?

ஓட்டோபைலட் என்றதும் பலருக்கு மனதில் வருவது, விமானிகள் இருவரும் கால் நீட்டித் தேநீர் குடிக்க, விமானம் தன்பாட்டில் போகிற காட்சிதான். சொல்லே அப்படி ஏமாற்றுகிறது. விமானிகள் தங்களுக்குள் எந்த விமானம் சுகம், எது தொல்லை என்று கதைப்பதைக் கேட்டால் விஷயம் வேறு என்று விளங்கும்.

முதலில் சொல்லின் வேர். 'ஓட்டோ' என்பது கிரேக்கத்தில் 'தான்'. 'பைலட்' கடலிலிருந்து ஏறிய சொல். கப்பலைத் திருப்பும் துடுப்பைக் குறித்த 'பேடோன்' என்ற கிரேக்கச் சொல், இத்தாலியும் பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்துக்குப் போனது. இன்றும் துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டிக் கொண்டுவருபவருக்குப் பெயர் பைலட். வல்வெட்டித்துறையில் கப்பல் தலைவரைத் தண்டையல் என்பார்கள். 1938இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்த ஊர் அது. வான்தொழில் அங்கிருந்து தொடங்கியிருந்தால் விமானி இன்று வான்தண்டையல் ஆகியிருப்பார்!

கருவிக்கும் நூறு வயது தாண்டிவிட்டது. 1914 ஜூனில், பாரிசுக்கு அருகே செய்ன் ஆற்றின் மேல், லோரன்ஸ் ஸ்பெரி என்ற அமெரிக்க இளைஞர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியபடி பறந்தார். அவருடைய மெக்கானிக் இறக்கையின் மேல் ஏறி நடந்தார். ஒரு பக்கம் பாரம் கூடியும் விமானம் சரியவில்லை. சுழன்றபடி நிலை மாறாமல் நிற்கும் ஜைரோஸ்கோப் என்ற கருவி அதைச் சமன் பிடித்தது. அந்தப் பொறி செய்தது அவ்வளவே: சொன்ன நிலையில் வைத்திருந்தது. எங்கே போகவேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

இன்றைய பொறிக்குத் தெரிந்தது எவ்வளவோ கூட. 1965இல் ஒரு ட்ரைடென்ட் விமானம் பயணிகளோடு இலண்டன் ஹீத்ரோவில் தானாகத் தரைதொட்டது. எயார் லங்கா வைத்திருந்த ட்ரைஸ்டாரும் அந்த வித்தையில் பேர்போனது. 1972இல் அந்த வகை விமானம் ஒன்று அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, ஏறியதிலிருந்து இறங்கியதுவரை, கை படாமலே பறந்து காட்டியது. ஆனாலும் வழக்கமான பயணத்தில் மேலெழுப்புவது விமானியின் கைதான். பெரும்பாலான தரையிறக்கமும் அப்படித்தான்.

இனி விமானிகளின் வாதம். எயார்பஸ் ஏ320 1988இல் சேவைக்கு வந்தபோது, விமானிக்கு முன்னால் நின்ற பெரிய கைப்பிடியைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் குச்சியை வைத்தது. நடுவில் இடம் கிடைத்தது. அங்கே இழுத்து விரிக்கிற ஒரு மேசை. அதில் தட்டை வைத்துச் சாப்பிடலாம், வரைபடம் விரிக்கலாம். போயிங் 737காரர் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடவேண்டும். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் பெரிய சில்லு ஒன்று வேறு, பொறி விமானத்தின் மூக்கைச் சரிசெய்யும்போதெல்லாம் கடகடவென்று சுற்றும். சத்தம், நெருக்கம். ஆனால் அந்தச் சில்லையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பொறி என்ன செய்கிறது என்று கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் நெம்புகோல் கண்முன்னே நகர்கிறது. எயார்பஸ்ஸில் குச்சியும் நெம்புகோலும் அசையாமல் கிடக்கும், எண்களைப் பார்த்துத்தான் அறியவேண்டும். சுகம் கூடின இடத்தில் கவனமும் கூடவேண்டியிருக்கிறது. (போயிங் 787இலும் ஏ350இலும் உடம்புக்குச் சுகம் இன்னும் கொஞ்சம்: உள்ளே காற்றழுத்தம் நுவரெலியாவில் இருக்கிற மாதிரி. பழைய விமானங்களில் அது இலங்கையின் அதியுயர் மலையான பீதுருதாலகாலவின் உச்சியில் இருப்பதை நெருங்கும்.)

ஓட்டோபைலட் என்ன என்பதை ஏ320இன் ஒரு குமிழே சொல்லிவிடும். உயரத்துக்கும் திசைக்கும் வேகத்துக்கும் தனித்தனிக் குமிழ்கள். உள்ளே தள்ளினால், ஏற்கெனவே கணினியில் பதிந்த திட்டப்படி பொறி நடக்கும். வெளியே இழுத்தால், விமானி அந்த நேரம் திருகிவைத்த எண்ணின்படி நடக்கும். இரண்டிலும் கட்டளை மனிதருடையது.

சரி, தமிழுக்கு வருவோம். 'தானியங்கி விமானி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இயங்குவது வேறு, இயக்குவது வேறு: தானியங்கி என்றால் தானே இயங்குவது. ஓட்டோபைலட்டோ விமானத்தை இயக்குகிறது. அதற்கு மேல் 'விமானி' என்ற பட்டம் எதற்கு? இலங்கைப் பாடநூல் தமிழில் பழகிய 'தன்னியக்கம்' மேல், ஆனால் அது பொதுச்சொல், தொழிற்சாலைக்கும் அதுதான்.

உடனே புறநானூற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறார். வலவன் என்றால் தேர்ப்பாகன். அழகான தொடர்தான். ஆனால் அந்த ஊர்தி, புலவர் பாடும் புகழுடையோர் நல்வினை முடித்து விசும்பில் அடைவது. பொறியியல் குறிப்பு அல்ல. பொருளும் பொருந்தாது. வலவன் ஏவாமல் ஓட்டோபைலட் ஓர் அங்குலம் நகராது, ஏவினால்தான் வேலை.

நான் தெரிவுசெய்வது 'தன்னோட்டி'. ஓடு, ஓட்டு: படகு ஓடுகிறது, படகோட்டி ஓட்டுகிறான். வண்டியோட்டி, படகோட்டி என்று நாக்குக்குப் பழகிய ஈறு, ஆளுக்கும் பொருந்தும், கருவிக்கும் பொருந்தும். 'தன்னோட்டியைப் போட்டார்', 'தன்னோட்டியை நிற்பாட்டிவிட்டுக் கையில் எடுத்தார்' என்று வாக்கியத்தில் தடங்கலில்லாமல் உட்காருகிறது. விமானியை விமானி என்றே விட்டுவிடலாம், பழகிவிட்டது. இத்தாலியின் சியாய் மார்க்கெட்டி விமானத்தைச் 'சியாமாசெட்டி' ஆக்கின சனத்துக்கு இது பெரிய வேலையில்லை.

எஞ்சின் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் 'ஓட்டோத்ரஸ்ட்' என்ற கூட்டாளிப் பொறிக்குத்தான் இடர்ப்பாடு. நம் பௌதிகத் தமிழில் மேலுதைப்பு என்று படித்த பழக்கத்தில் 'தன்னுதைப்பு' என்று வைத்தால், தன்னைத்தானே உதைத்துக்கொள்வது போல் இருக்கிறது. 'வேகங்காப்பி' பரவாயில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரும் ஏடிஆர் 72இல் தன்னோட்டி உண்டு, வேகங்காப்பி இல்லை. அங்கே விமானிகள் நெம்புகோலைக் கையால்தான் தள்ளுகிறார்கள்.