தென்னை வேர் வாடல்: மரத்தை வெட்ட அரசு ஏன் பணம் தருகிறது, எப்படி வாங்குவது

வேர் வாடல் நோய்க்கு மருந்து கிடையாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால்தான் அரசு ஏன் மருந்துக்குப் பணம் தராமல் மரத்தை வெட்டுவதற்குப் பணம் தருகிறது என்பது புரியும். பொள்ளாச்சி, ஆனைமலை, கம்பம், செங்கோட்டை பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள், இதைக் குணமாக்கும் என்று யாரோ சொன்ன ஏதோ ஒன்றை வேரில் கட்டிக் காசைக் கரைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இது கேரளத்திலிருந்து வந்த நோய். 1882 வெள்ளத்துக்குப் பிறகு மீனச்சில் தாலுகா ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது, அதனால்தான் நம் ஊரில் கேரள வாடல் என்றும் சொல்கிறார்கள். காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். அது உயிருள்ள மரத்தின் சாறு ஓடும் குழாய்களுக்குள்ளேயே வாழ்கிறது, கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒரு வகைத் தத்துப்பூச்சியும் அதை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகின்றன. ஓலையின் கீற்றுகள் விறைப்பு இழந்து விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளையும், மட்டைகள் மஞ்சளாகும், கீற்றின் ஓரம் கருகும், பிறகு காய்ப்பு வருடா வருடம் குறையும். மரம் சாகாது, அதுதான் இந்த நோயின் பெரிய தொல்லை. செத்துப்போனால் வெட்டிவிடுவோம். பாதி உயிரோடு நிற்கிற மரத்தை வெட்ட யாருக்கும் மனசு வராது, அது வருடக்கணக்கில் பக்கத்து மரங்களுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே நிற்கும். (அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல். அது பூஞ்சையால் வருவது, அதற்கான சிகிச்சை தனி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இப்போது திட்டத்துக்கு வருவோம். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவு மற்றும் புத்துயிரூட்டல் திட்டம் என்று பெயர், வாரியத்தின் பணம் மாநில அரசுத் துறைகள் வழியாக விவசாயிக்கு வருகிறது. பல ஆண்டுகளாக இருந்துவந்த விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு மொத்தம் 53,500 ரூபாய். இதில் நோய் முற்றிய, வயதாகிப்போன, காய்க்காத மரங்களை வெட்டி அகற்ற மரத்துக்கு 1,000 ரூபாய், ஹெக்டேருக்கு 32 மரம் வரை, ஆக 32,000. புதிய தென்னம்பிள்ளை வைக்க ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் 4,000 வரை. மீதி 17,500 ரூபாய் நிற்கிற மரங்களைத் தேற்றுவதற்கு, உரம், பசுந்தாள், பயிர்ப் பாதுகாப்பு மாதிரி வேலைகளுக்கு, இரண்டு வருடத்தில் இரண்டு சம தவணையாக வரும். தொகை எப்போது வேண்டுமானாலும் திருத்தப்படலாம் என்பதால் விண்ணப்பம் போடும் முன் நடப்பு ஆண்டு விதியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மரத்தை வெட்டுவது என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம், சண்டையும் கூட. நோய் இப்போதுதான் எட்டிப் பார்க்கும் ஊரில், அதாவது தோப்பில் ஒன்றிரண்டு மரம் மட்டும் பாதித்திருந்தால், நன்றாகக் காய்த்தாலும் அதை எடுத்துவிடத்தான் வேண்டும். அங்கே குறி நோயைத் துடைத்தெடுப்பது. ஏற்கெனவே பரவிவிட்ட ஊரில் அப்படிச் செய்தால் தோப்பே மிஞ்சாது, அதனால் அங்கே வருடத்துக்கு 10 காய்க்கும் கீழே போன மரத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றுக்குத் தொழு உரம், சாம்பல் சத்து, வருடம் அரை கிலோ மெக்னீசியம் சல்பேட், வட்டப்பாத்தியில் சணப்பை அல்லது கொழுஞ்சி என்று கொடுத்துக் காய்ப்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வழி. ஒரே நோய்க்கு இரண்டு ஊரில் இரண்டு விதமாகச் சொல்கிறார்களே என்று அலுவலரைக் கோபித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், பூச்சிக்கு வேலி தெரியாது. நீங்கள் 20 மரத்தை வெட்டி, பக்கத்துத் தோப்புக்காரர் ஒன்றையும் வெட்டாமல் இருந்தால் உங்கள் புதுக் கன்றுக்கு நோய் வர வாய்ப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் மனுக் கொடுப்பது ரொம்ப முக்கியம்.

எனக்கு இந்தத் திட்டத்தில் ஒப்பாத ஒன்று அந்த 32 என்ற உச்சவரம்பு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 13 மரம்தான், ஏக்கரில் நிற்பதோ 70 மரம். கடுமையாகப் பாதித்த தோப்பில் அதற்கு மேல் உள்ள மரங்களைக் கைக்காசு போட்டு வெட்ட வேண்டும், சிறு விவசாயி வெட்டாமல் விட்டுவிடுவார், நோய் அங்கேயே தங்கும். நோய் தீவிரமான வட்டாரங்களுக்காவது இந்த வரம்பைத் தளர்த்த வேண்டும்.

புதுக் கன்று விஷயத்தில் மலிவைப் பார்க்காதீர்கள், வண்டியில் கொண்டுவந்து விற்கிற கன்று எந்தத் தாய் மரத்தினுடையது என்று யாருக்கும் தெரியாது. காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம், நோய் கடுமையான பகுதிகளிலேயே பிழைத்து நின்ற மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்து கல்பரக்ஷா, கல்பஸ்ரீ ரகங்களையும் கல்ப சங்கரா என்ற கலப்பினத்தையும் கொடுத்திருக்கிறது. இவை நோயைத் தாங்குபவை, நோயே அண்டாதவை என்று நினைக்கக் கூடாது. நம் பக்கம் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

நடைமுறை இதுதான். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகலோடு வட்டார வேளாண் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அலுவலர் தோப்பைப் பார்த்து மரங்களைக் குறித்துக்கொடுக்கும் வரை ஒன்றையும் வெட்டாதீர்கள், முன்கூட்டியே வெட்டிவிட்டு மானியம் கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? பணம் வேலை முடிந்த பிறகுதான் வரும் என்பதால் வெட்டுக்கூலிக்கு முதலில் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். வெட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் தவணைக்கு அடுத்த வருடம் நீங்களே போய்க் கேளுங்கள். வெட்டிய கட்டையை விற்கலாம், இந்த நோய்க்கிருமி காய்ந்த மரத்தில் வாழாது. ஆனால் கொண்டைப் பகுதியையும் அடிக்கட்டையையும் தோப்பிலேயே போட்டு வைக்காதீர்கள், சிவப்புக் கூன்வண்டும் காண்டாமிருக வண்டும் அதில்தான் குடியேறும்.