பன்னிரண்டு பிட்டில் வெயிட் இல்லை

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மிக்ஸ் செய்யச் சொல்லி அனுப்பிய ட்ராக்கைத் திறந்தால், ஸ்னேர் (சுரீரென்று ஒலிக்கும் டிரம்) அடித்து ஓய்கிற இடத்தில் தகரத்தில் மணலைக் கொட்டியது போல ஒரு சத்தம். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது. போன் போட்டுக் கேட்டேன். "பழைய 12 பிட் சாம்ப்ளர் சார், கடன் வாங்கி எடுத்தேன். அதுக்குள்ள போட்டா டிரம்ஸ் தன்னால வெயிட்டா வரும்னாங்க" என்றார் அந்தத் தம்பி. சாம்ப்ளர் என்பது சத்தத் துண்டுகளைப் (சாம்பிள்) பதிந்து திரும்ப வாசிக்கும் பெட்டி; வெயிட் என்று அவர் சொன்னது அடியின் கனத்தை. யார் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

பிட் குறைந்தால் வெயிட் கூடும் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை எத்தனை படிகளாக அளக்கிறோம் என்பதுதான் பிட் கணக்கு. 16 பிட்டில் 65,536 படிகள், 12 பிட்டில் 4,096, 8 பிட்டில் வெறும் 256. படிகள் குறைந்தால் அளவு தோராயமாகிறது. அந்தத் தோராயம் காதில் இரைச்சலாக விழுகிறது. அவ்வளவுதான் விஷயம். உரத்த அடியில் அது தெரியாது. அடி தேய்ந்து அடங்கும்போது பல்லைக் காட்டும். கிக்கின் அடிக்கனத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சந்தேகமா? பிட்டைக் குறைத்துக் காட்டும் பிட்கிரஷர் என்ற மென்பொருள் பிளக்இன் ஒன்றை எடுத்து, சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதை) தொடாமல், பிட்டை மட்டும் 12க்கு இறக்குங்கள். நல்ல லெவலில் இருக்கும் கிக்கில் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்பவருக்கு டீ என் செலவு.

அப்படியானால் பீட் ராக், லார்ஜ் புரொஃபசர் போன்ற நியூயார்க் ஹிப்ஹாப் ஆட்கள் எஸ்பி-1200 என்ற 12 பிட் சாம்ப்ளரில் அடித்த டிரம்ஸ்? அந்த வெயிட் வேறு வழிகளில் வந்தது. 1987இல் வந்த அந்த ஈ-மியூ பெட்டியின் சாம்பிள் ரேட் 26.04 கிலோஹெர்ட்ஸ். சாம்பிள் ரேட்டில் பாதிவரைதான் ஒலி பதியும்; ஆக, சுமார் 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் பதியாது. மொத்த நினைவகமே 10 நொடி. ஒரு சாம்பிளுக்கு 2.5 நொடிதான். இடம் போதாமல், 33 வேக இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு பெட்டிக்குள் பிட்சை (சுருதியை) இறக்கினார்கள். சிக்கனத்துக்குச் செய்த வேலை. ஆனால் பிட்சை இறக்கும்போது அந்தப் பெட்டி இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்குப் போட்டு நிரப்பாது, இருக்கிற மதிப்பையே திரும்ப வாசித்துச் சமாளிக்கும். மூலத்தில் இல்லாத ஒரு கரகரப்பு மேலே முளைப்பது அதனால்தான்.

வெளியே வரும் வழியும் முக்கியம். எட்டு அவுட்புட்டில் முதல் இரண்டுக்கு எஸ்எஸ்எம்2044 என்ற அனலாக் ஃபில்டர் சிப் உண்டு; மூன்று முதல் ஆறு வரை மாற்ற முடியாத ஃபில்டர்; ஏழுக்கும் எட்டுக்கும் ஃபில்டரே கிடையாது. கிக்கை முதல் இரண்டில் ஒன்றிலும் ஹை-ஹாட்டை (ஜால்ரா போன்ற ஜோடித் தட்டு) எட்டிலும் எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். இன்னொன்று, அவர்கள் எடுத்த சாம்பிளே நல்ல டிரம்மர் நல்ல அறையில் வாசித்தது. அதை யாரும் பேசுவதில்லை.

தம்பியின் கதைக்கு வருகிறேன். அவர் செய்த முதல் தப்பு லெவல். 'கிளிப் ஆகிவிடும்' (லெவல் உச்சத்தைத் தாண்டி அலையின் முனை வெட்டுப்படும்) என்று பயந்து உச்சத்துக்கு 24 டெசிபல் கீழே பதிந்திருக்கிறார். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் நான்கு பிட் காலி. கடன் வாங்கி வாங்கிய 12 பிட் பெட்டியை 8 பிட்டாக ஓட்டியிருக்கிறார்! மணல் சத்தம் வந்த வழி அதுதான். 24 பிட்டில் லெவலைக் குறைத்துப் பதிகிற பழக்கத்தை இங்கே கொண்டு வராதீர்கள். மீட்டர் சிவப்பைத் தொடப் போகிற இடம்வரை ஏற்றுங்கள். லேசாகத் தொட்டாலும் டிரம்ஸுக்குப் பாதகமில்லை.

இரண்டாவது தப்பு, சாம்ப்ளரிலிருந்து வந்த கிக்கை மூல கிக்கோடு அடுக்கி வைத்தது. பெட்டிக்குள் போய் வந்தது சில மில்லிநொடி தள்ளித்தான் வரும். 50 ஹெர்ட்ஸ் கிக்குக்கு ஓர் அலை 20 மில்லிநொடி. 10 மில்லிநொடி, அதாவது அரை அலை தள்ளினால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். இவருடையது கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்து, முதல் மேடு முதல் மேட்டோடு நிற்கும்படி நகர்த்தினேன். கிக் எழுந்து உட்கார்ந்தது.

ஸ்டீரியோ டிரம்ஸை உள்ளே அனுப்புமுன் மோனோவில் (இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி) கேட்டுவிடுங்கள். இந்தப் பெட்டி மோனோதான், ஸ்னேர் மெலிந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்விட்சை அணைத்தால் நினைவகத்தில் இருப்பது போய்விடும், ஃப்ளாப்பியில் சேமியுங்கள், அந்த ஃப்ளாப்பியை நம்பாமல் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி எடுங்கள்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: அமெரிக்காவிலிருந்து வாங்கிய பெட்டியை நம் ஊர் பிளக்கில் சொருகுமுன் பின்பக்கம் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று படியுங்கள். அங்கே 120, இங்கே 230. போன வருடம் ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிரித்த கையோடு சொருகிவிட்டு, புகை வந்த பிறகு எனக்குப் போன் செய்தார். அதில் ஒரு சத்தம்கூட அவர் கேட்டிருக்கவில்லை.