பேங்க்.இன் வாங்கியாச்சு, பழைய டொமைனை விட்டுவிடலாமா?

சிறிய கூட்டுறவு வங்கிகளுக்கு வெப்சைட், மெயில் வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, 'பேங்க்.இன்' (.bank.in) என்று முடியும், வங்கிகளுக்கு மட்டுமான டொமைன் (இணைய முகவரி) பற்றி அறிவித்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "புதுசு வாங்கியாச்சு சார், பழசை விட்டுடலாமா? வருஷா வருஷம் அதுக்கும் எதுக்குக் காசு?"

விட்டுவிடாதீர்கள். காரணம் சொல்கிறேன், அதற்கு முன் புதியதைப் பற்றிக் கொஞ்சம்.

டாட் காம் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் வங்கிப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒருவன் வாங்கினாலும் விற்பவர் எதுவும் கேட்கமாட்டார். பேங்க்.இன் அப்படியல்ல. அதைப் பதிவு செய்து தருவது ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி மட்டும்தான். ரிசர்வ் வங்கியே 1996-இல் தொடங்கிய நிறுவனம் அது. வங்கிகளுக்குத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாறிவிட வேண்டும் என்று ஏப்ரல் 22-ஆம் தேதிச் சுற்றறிக்கை சொன்னது. பதிவு ஐடிஆர்பிடியிடம் மட்டும்தான் என்பதால், "நான் வாங்கித் தர்றேன், முன்பணம் கொடுங்க" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பேங்க்' என்பதற்கு முன்னால் இருப்பது புள்ளியா, சிறு கோடா என்று பாருங்கள். கோடாக இருந்தால் அது சாதாரண டாட் இன் முகவரி, எவன் வேண்டுமானாலும் வாங்கியிருப்பான். 'பேங்க்.இன்' என்பதற்குப் பிறகு இன்னொரு புள்ளி வைத்து வேறு ஏதாவது நீண்டாலும் போலிதான்.

சரி, பழையதற்கு வருவோம். டாட் காம் டொமைன் காலாவதியானால் உடனே போய்விடாது. விற்றவர் சில நாள் அவகாசம் தருவார். அப்புறம் அதை அழிப்புக்கு அனுப்புவார். அதன் பிறகும் 30 நாள் வரை, வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கட்டி மீட்கலாம். அதுவும் தாண்டினால் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். அந்த நொடிக்காகவே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குகிறவனுக்கு வெப்சைட் முகவரியோடு உங்கள் மெயிலும் போய்விடும். இது பலருக்கு உறைப்பதில்லை. பாஸ்புக் அட்டையிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த முகவரிக்கு வாடிக்கையாளர் அனுப்பும் ஆதார் நகல் அவனிடம் போகும். அந்த மெயிலை வைத்து நீங்கள் எங்கெங்கே கணக்குத் தொடங்கினீர்களோ, அங்கெல்லாம் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அவன் ஒரு முறை அழுத்தினால் போதும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வங்கி மேலாளர் அழைத்தார். "சார், ரெண்டு நாளா ஒரு மெயிலும் வரல." பார்த்தால் டொமைன் காலாவதி. புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல்கள் ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன, ஆனால் ஓய்வு பெற்றுவிட்ட ஓர் எழுத்தரின் மெயில் பெட்டிக்கு. காலாவதியான பிறகு வந்த நினைவூட்டல் அதற்கும் போகவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டியும் அதே டொமைனில்தான் இருந்தது. பீரோச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை! பதிவேட்டில் பெயர் வங்கியுடையதாக இருந்ததால் அவகாசத்துக்குள் மீட்டுவிட்டோம். வெப்சைட் செய்து கொடுத்த பையனின் பெயரில் இருந்திருந்தால் அவனைத் தேடி அலைந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து மூன்று காரியங்களைக் கட்டாயமாக்கிவிட்டேன். உரிமையாளர் பெயர் நிறுவனத்துடையது. தொடர்பு மெயில் வேறு டொமைனில், இரண்டு பேர் பார்ப்பது. புதுப்பித்தல் ஒரே தடவையில் பல வருடத்துக்கு. 10 வருடம் வரை கட்ட முடியும். தானாகப் பணம் எடுக்கும் வசதியை மட்டும் நம்பமாட்டேன், டொமைனுக்கு முன் கார்டு காலாவதியாகிவிடும்.

அந்த மேலாளர் இப்போது தன் அறையில், தீயணைப்பு உருளையை நிரப்ப வேண்டிய தேதி எழுதிய பலகையிலேயே, இரண்டு டொமைன்களின் தேதியையும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்.